மீட்டிங் ஒரு மணி நேரம் தள்ளிப்போய்விட்டதா? கோடை நேர மாற்றத்தில் தடுமாறும் கேலெண்டரைச் சரிசெய்ய

மார்ச் மாதம் வந்தால் எனக்கு ஒரே செய்தி பல பேரிடமிருந்து வரும்: "சரியான நேரத்துக்குத்தான் வந்தேன், மீட்டிங்கில் யாருமே இல்லை." அக்டோபர் கடைசியில் அதே செய்தி திரும்பவும் வரும். பல நாடுகளில் இருந்து வேலை செய்யும் ஒரு குழுவின் கேலெண்டர்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சில நாடுகள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, குளிர்காலத்தில் பின்னே இழுக்கின்றன. இதற்குப் பகலொளி சேமிப்பு நேரம் என்று பெயர். கீழே சுருக்கமாகக் கோடை நேரம் என்றே சொல்கிறேன். அந்த மாற்றத்தால் வரும் கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் எனக்குப் படிந்த வரிசை இது. உங்களுக்கு எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒன்று மட்டும். தவறாகத் தெரியும் மீட்டிங்கைப் பிடித்து ஒரு மணி நேரம் இழுத்துவிடாதீர்கள். தொடக்கத்தில் நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். மார்ச்சில் இழுத்துவைத்த ஒரு வாராந்திர நேர்காணல் நவம்பரில் எதிர்ப்பக்கம் நகர்ந்தது. வேலைக்கு விண்ணப்பித்த ஒருவர் அந்த ஒரு மணி நேரத்தால் வாய்ப்பை இழந்தார். தவறு கடிகார நேரத்தில் இல்லை, அந்த மீட்டிங் எந்த ஊருக்குச் சொந்தம் என்று கேலெண்டருக்குச் சொல்லிவைத்ததில்தான் இருக்கிறது. ஏறக்குறைய எல்லா அறிகுறியிலும் நான் தேடுவது அதைத்தான்.

## எதையும் தொடும் முன்

இப்போது எந்த நாட்டில் கடிகாரம் மாறியிருக்கிறது என்று பாருங்கள்.

- அமெரிக்காவும் கனடாவின் பெரும்பகுதியும்: மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு முடிகிறது. அந்தந்த ஊர் நேரப்படி அதிகாலை 2 மணிக்கு மாறும். ஹவாயும் அரிசோனாவின் பெரும்பகுதியும் மாறுவதில்லை.
- ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும்: மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை. உலகப் பொது நேரமான யூடிசி (UTC) 1 மணிக்கு எல்லா நாடுகளும் ஒன்றாக மாறும்.
- ஆஸ்திரேலியாவில் சிட்னி, மெல்போர்ன், அடிலெய்டு, ஹோபார்ட்: அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு முடிகிறது. பிரிஸ்பேன், பெர்த், டார்வின் மாறுவதில்லை.
- இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, அமீரகம், சீனா, ஜப்பான்: மாற்றம் கிடையாது.

அடுத்து, எத்தனை மீட்டிங் தவறாகத் தெரிகிறது என்று எண்ணுங்கள். எல்லாமே தவறு என்றால் கோளாறு உங்கள் கருவியில் (கணினி அல்லது போன்). ஒன்றே ஒன்று என்றால் அந்த மீட்டிங்கில். ஒரே நிறுவனத்திலிருந்து வந்தவை எல்லாம் தவறு என்றால் அனுப்பியவர் பக்கம்.

கேலெண்டரின் பக்கவாட்டில் இரண்டாவது நேர மண்டலத்தைத் தெரிய வையுங்கள். கூகுள் கேலெண்டர், அவுட்லுக் இரண்டிலும் அமைப்புகளில் இந்த வசதி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மாற்றத்துக்கு முந்தைய வாரத்தையும் பிந்தைய வாரத்தையும் மாறி மாறிப் பார்த்தால் பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

## அறிகுறி: எல்லா நிகழ்வுகளும் ஒரு மணி நேரம் தள்ளித் தெரிகின்றன

யாராவது கடிகாரத்தைக் கையால் மாற்றினார்களா? பணமே செலவாகாத காரணம் இது. நான் அடிக்கடி பார்ப்பதும் இதைத்தான். கணினி காட்டும் மணி சரியாக இருக்கும், நிகழ்வுகள் மட்டும் தப்பாக இருக்கும். நேர மண்டலம் தவறாக இருந்தபோது, அதைத் திருத்தாமல் மணியை மட்டும் யாரோ தள்ளிவைத்திருப்பார்கள். நேரம், நேர மண்டலம் இரண்டையும் "தானாக அமை" நிலைக்குக் கொண்டுவாருங்கள். விண்டோஸில் கோடை நேரத்துக்குத் தானாக மாற்றிக்கொள்ளும் பொத்தான் தனியாக இருக்கிறது. அது அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்களா, எண்ணைப் பார்த்தா? விண்டோஸ் பட்டியலில் யூடிசி+00:00 என்ற எண்ணோடு லண்டன், டப்ளின் உள்ள வரி ஒன்று. அதே எண்ணோடு ரெய்க்யவிக், மன்ரோவியா உள்ள வரி இன்னொன்று. முதலாவது கோடையில் மாறும், இரண்டாவது மாறாது. யூடிசி+10:00 என்றால் பிரிஸ்பேன் ஒரு வரி, சிட்னி வேறொரு வரி. யூடிசி-07:00 என்றால் அரிசோனா ஒன்று, அமெரிக்காவின் மலைப்பகுதி நேரம் (மவுண்டன் டைம்) மற்றொன்று. குளிர்காலத்தில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் மணி சரியாகத்தான் காட்டும். மார்ச்சில்தான், சிட்னி என்றால் அக்டோபரில்தான், குட்டு வெளிப்படும். இன்னொரு குழப்பம்: விண்டோஸ் பட்டியலில் நியூயார்க் வரி ஆண்டு முழுக்க -05:00 என்றே இருக்கும், கூகுள் கேலெண்டரோ கோடையில் அதை -04:00 என்று காட்டும். இரண்டும் சரிதான். எண்ணை ஒப்பிடாதீர்கள், ஊர்ப்பெயரை ஒப்பிடுங்கள்.

கேலெண்டருக்குள் வேறு மண்டலம் இருக்கிறதா? கருவியின் நேர மண்டலம் வேறு, கேலெண்டர் கணக்கின் நேர மண்டலம் வேறு. பயணம் போய்வந்தவர்கள், புதுக் கணினி வாங்கியவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். கேலெண்டர் அமைப்புகளில் முதன்மை நேர மண்டலத்தைத் திறந்து பாருங்கள்.

அப்டேட் நின்றுபோய்விட்டதா? எந்த நாடு எப்போது மாறும் என்ற விதிப்பட்டியல் கருவிக்குள் சேமிக்கப்பட்டிருக்கும். அப்டேட்டை நிறுத்திவைத்த பழைய கருவியில் அந்தப் பட்டியலும் பழையதுதான். 2007-இல் அமெரிக்கா தன் தேதிகளை மாற்றியபோது (அதுவரை ஏப்ரல் முதல் ஞாயிறு தொடக்கம், அக்டோபர் கடைசி ஞாயிறு முடிவு) அவுட்லுக்குக்கு என்றே தனித் திருத்த மென்பொருள் ஒன்றை மைக்ரோசாஃப்ட் வெளியிட வேண்டியிருந்தது. அப்டேட் போட்டுக் கருவியை மறுபடி தொடங்கியும் மாறவில்லை, அப்டேட்டே இனி வராத கருவி என்றால், அதில் கேலெண்டரை நம்ப வேண்டாம். உலாவி வழியே பாருங்கள், அல்லது கருவியை மாற்றுங்கள். இந்த அறிகுறியில் காசு செலவாகும் ஒரே இடம் இதுதான்.

## அறிகுறி: ஒரே ஒரு தொடர் மீட்டிங் மட்டும் நகர்ந்துவிட்டது

நிறைய நேரம் இங்கேதான் போகும். பொறுமையாகப் படியுங்கள்.

### முதல் கேள்வி: உண்மையில் இது தவறுதானா?

நியூயார்க்கில் இருப்பவர் "வாரா வாரம் செவ்வாய் காலை 10 மணி" என்று அமைத்த மீட்டிங் நியூயார்க்குக்குச் சொந்தம். கடிகாரம் மாறாத ஊரில் இருப்பவருக்கு அது மார்ச்சில் ஒரு மணி நேரம் முன்னதாகவும், நவம்பரில் ஒரு மணி நேரம் தாமதமாகவும் வரும். கேலெண்டர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அதே மீட்டிங்கைக் கடிகாரம் மாறாத ஊரில் இருப்பவர் தன் நேரத்தில் அமைத்திருந்தால், நகர்வது நியூயார்க்காருக்கு.

யாராவது ஒருவருக்கு நகர்ந்தே தீரும். இரண்டு பக்கமும் அசையாத மீட்டிங் என்று ஒன்று இல்லை. யாருக்கு நகர்வது சிரமம் குறைவு என்று மனிதர்கள் பேசி முடிவெடுத்தால்தான் தீரும். அந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டு அமைப்புகளைத் தோண்டுவதில் நேரம் வீணாவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

### மீட்டிங் எந்த மண்டலத்தில் இருக்கிறது?

கூகுள் கேலெண்டரில் நிகழ்வைத் திருத்தும் பக்கத்தில், நேரத்துக்கு அருகிலேயே நேர மண்டலம் என்ற இணைப்பு இருக்கும். கணினி அவுட்லுக்கில் மீட்டிங்கைத் திறந்து நேர மண்டலங்கள் என்ற பொத்தானை அழுத்தினால் தெரியும். அழைக்கப்பட்டவர் இதைப் பார்த்துவிட்டுத் தன் பிரதியை மட்டும் திருத்தினால் மற்றவர்களுக்கு மாறாது. அமைத்தவரிடம் சொல்லி மாற்றுவதே வழி.

அங்கே நான்கில் ஒன்று தெரியும்:

- பேசி முடிவு செய்த ஊரின் பெயர். எல்லாம் சரி, கோளாறு வேறெங்கோ.
- வேறொரு ஊரின் பெயர். அமைத்தவர் பயணத்தில் இருந்தபோது உருவாக்கியிருப்பார். இதுதான் மிக அதிகம்.
- யூடிசி. வருடம் முழுக்க அசையாது; கடிகாரம் மாறும் ஊரில் உள்ள எல்லோருக்கும் வருடத்துக்கு இரண்டு முறை நகரும்.
- இஎஸ்டி போன்ற எழுத்துச் சுருக்கம். இதைக் கண்டால் உடனே மாற்றுங்கள்.

இஎஸ்டி என்பது நியூயார்க்கின் குளிர்கால நேரம் மட்டும். கோடையில் அங்கே நடப்பது இடிடி. பேச்சுவழக்கில் ஆண்டு முழுக்க இஎஸ்டி என்கிறார்கள், மென்பொருள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு கோடையிலும் அசையாமல் நிற்கும். ஐஎஸ்டி இன்னும் மோசம்: இந்தியாவுக்கும் அதே எழுத்து, இஸ்ரேலுக்கும் அதே எழுத்து, அயர்லாந்தின் கோடை நேரத்துக்கும் அதே எழுத்து. மின்னஞ்சலில் நேரம் எழுதும்போதுகூட "நியூயார்க் நேரம் காலை 10" என்று ஊரைச் சொல்லி எழுதப் பழகுங்கள்.

### எப்படித் திருத்துவது?

பழைய தொடரைப் பிடித்து முழுவதையும் மாற்றாதீர்கள். நடந்து முடிந்த மீட்டிங்குகளின் நேரமும் சேர்ந்து மாறும். அவுட்லுக்கில் தொடரின் அமைப்பை மாற்றினால், இடையில் தனியாகத் தள்ளிவைத்த மீட்டிங்குகள் எல்லாம் பழைய நேரத்துக்கே திரும்பிவிடும். யாரோ கெஞ்சிக் கேட்டு வியாழனுக்கு மாற்றியது மறுபடி செவ்வாயில் போய் நிற்கும்.

நான் செய்வது இது. பழைய தொடரின் முடிவுத் தேதியைச் சென்ற வாரத்தில் நிறுத்துவேன். சரியான ஊரைத் தேர்ந்தெடுத்து இந்த வாரத்திலிருந்து புதுத் தொடர் தொடங்குவேன். கூகுளில் "இதுவும் இதற்குப் பிறகு வருபவையும்" என்ற தேர்வு கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும். பிறகு கேலெண்டரை நவம்பர் இரண்டாம் வாரத்துக்கும் அடுத்த ஏப்ரலுக்கும் நகர்த்தி, இரண்டு மண்டலப் பத்தியிலும் நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். இன்றைய வாரத்தில் மட்டும் பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று மூடினால், ஆறு மாதத்தில் அதே வேலை மறுபடி வரும்.

## அறிகுறி: சில வாரம் மட்டும் தவறி, பிறகு தானாகச் சரியாகிறது

ஒன்றும் உடையவில்லை. அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒரே நாளில் மாறுவதில்லை. 2026-ஐ எடுத்துக்கொண்டால் அமெரிக்கா மார்ச் 8, ஐரோப்பா மார்ச் 29. அந்த மூன்று வாரமும் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே வழக்கமான 5 மணி நேரத்துக்குப் பதில் 4 மணி நேரம்தான். இலையுதிர் காலத்தில் ஐரோப்பா அக்டோபர் 25, அமெரிக்கா நவம்பர் 1. அந்த ஒரு வாரமும் அதே 4 மணி நேரம்.

லண்டன்–சிட்னி ஜோடி இன்னும் கடினம், ஏனென்றால் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் நகர்கின்றன. மார்ச் பாதியில் 11 மணி நேர இடைவெளி, மார்ச் 29-க்குப் பிறகு 10, ஏப்ரல் 5-க்குப் பிறகு 9. எட்டே நாளில் இரண்டு முறை மாறி, மொத்தம் இரண்டு மணி நேரம் குறைந்துவிடுகிறது. "கேலெண்டர் இரண்டு மணி நேரம் தப்பு" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஆஸ்திரேலியாவில் யாராவது இருக்கிறார்களா என்றுதான்.

இந்த வாரங்களில் தொடரைத் திருத்தவே கூடாது. உண்மையில் மோதும் மீட்டிங் இருந்தால் அந்த ஒரு நாள் நிகழ்வை மட்டும் தனியாக நகர்த்துங்கள். மாற்றத்துக்கு ஒரு வாரம் முன்பே குழுவுக்குத் தெரிவித்தால் புகார் வெகுவாகக் குறையும்.

## அறிகுறி: முழுநாள் நிகழ்வு இரண்டு நாளில் பரவி நிற்கிறது

பிறந்தநாளும் விடுமுறையும் முந்தைய இரவு 11 மணிக்குத் தொடங்கி மறுநாள் இரவு 11-க்கு முடியும், அல்லது 1 மணிக்குத் தொடங்கும். சில மென்பொருள்கள், முக்கியமாகக் கணினியில் நிறுவிய பழைய அவுட்லுக், முழுநாள் நிகழ்வை "நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை" என்று நேரமாகவே சேமிக்கின்றன. மண்டலம் மாறினால் நள்ளிரவும் நகர்ந்துவிடும்.

மண்டலம் தவறாக இருந்து இப்படி ஆகியிருந்தால், மண்டலத்தைத் திருத்தியதும் தானாக ஒட்டிக்கொள்ளும். இல்லையென்றால் நிகழ்வை அழித்து, "முழுநாள்" என்ற கட்டத்தைக் குறியிட்டுப் புதிதாக இடுங்கள். சில டஜன் என்றால் கையால் முடித்துவிடலாம்.

## அறிகுறி: போனில் சரி, கணினியில் தவறு

இரண்டிலும் ஒரே நிகழ்வைத் திறந்து, எது மற்றவர்களின் நேரத்தோடு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். ஒத்துப்போகாத பக்கம்தான் கோளாறு.

ஐபோன் என்றால் கேலெண்டர் அமைப்புகளில் நேர மண்டலத்தை நிலைநிறுத்தும் தேர்வு ஒன்று இருக்கிறது. அது இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் எங்கே இருந்தாலும் அதில் குறித்த ஊரின் நேரத்தையே கேலெண்டர் காட்டும். எப்போதோ ஒரு பயணத்தில் போட்டு மறந்திருப்பீர்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் கேலெண்டர் செயலியின் அமைப்புகளில் "கருவியின் நேர மண்டலத்தைப் பயன்படுத்து" என்பதைப் பாருங்கள்.

இரண்டிலும் அமைப்பு சரி என்றால், தவறாகக் காட்டும் கருவியிலிருந்து கேலெண்டர் கணக்கை நீக்கி மறுபடி சேருங்கள். சர்வரில் உள்ளது அழியாது, கருவியில் தேங்கிய பழைய பிரதிதான் போகும். ஆனால் அந்தக் கருவியில் மட்டுமே சேமித்த உள்ளூர் கேலெண்டர் இருந்தால் முதலில் அதைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: வெளியிலிருந்து வந்த அழைப்போ, சந்தா கேலெண்டரோ மட்டும் தவறு

இணைப்பு வழியே சந்தா எடுத்த கேலெண்டர்கள் உடனுக்குடன் புதுப்பிக்கப்படுவதில்லை. அனுப்புபவர் திருத்தியிருந்தாலும் உங்களுக்கு வந்துசேரப் பல மணி நேரம் ஆகலாம். ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

அதன் பிறகும் தவறு என்றால், மின்னஞ்சலில் வந்த ஐசிஎஸ் (.ics) என்ற அழைப்புக் கோப்பை நோட்பேடில் திறங்கள். வெறும் எழுத்துக் கோப்புதான், பயப்பட ஒன்றுமில்லை. டிடிஸ்டார்ட் (DTSTART) என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள்.

நேரத்தின் முடிவில் இசட் (Z) என்ற எழுத்து இருந்தால் அது யூடிசி. ஒரு நாள் நிகழ்வுக்கு இது நல்லது. வாராந்திரத் தொடருக்கு இப்படி அனுப்பினால் ஒவ்வொரு கடிகார மாற்றத்திலும் நகரும்.

வரியில் டிஇசட்ஐடி (TZID) என்ற சொல்லும் ஊர்ப்பெயரும் இருந்தால் நல்ல அமைப்பு. ஆனாலும் கோப்பின் மேற்பகுதியில் விடைம்ஸோன் (VTIMEZONE) என்ற, நேர மாற்ற விதிகள் உள்ள பகுதி இருக்கும். அமெரிக்க ஊருக்கு அங்கே ஏப்ரல் முதல் ஞாயிறு என்ற விதி மட்டுமே இருந்தால், அனுப்பிய மென்பொருள் 2007-க்கு முந்தைய பட்டியலை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. மார்ச்சில் மூன்று நான்கு வாரம் தவறுவதற்கு அது போதும்.

இசட்டும் இல்லை, ஊரும் இல்லை என்றால் அது மிதக்கும் நேரம்: படிப்பவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் நேரமாகவே காட்டும். "தினமும் காலை 7 மணிக்கு மாத்திரை" என்பதற்குப் பொருந்தும், மீட்டிங்குக்குப் பொருந்தாது.

மூன்றிலும் கோப்பை நீங்கள் திருத்திப் பயனில்லை, அடுத்த முறை அதே தவறோடு வரும். அந்த வரியை அப்படியே பிரதியெடுத்து அனுப்பியவருக்குக் கொடுங்கள். "நேரம் தப்பு" என்று எழுதுவதைவிட அந்த ஒரு வரி அவர்களுடைய தொழில்நுட்பக் குழுவுக்குப் பெரிய உதவி.

## அறிகுறி: அதிகாலை நிகழ்வு காணாமல் போனது, அல்லது இரண்டு முறை வந்தது

நியூயார்க்கில் மார்ச் மாற்றத்தன்று 2:30 என்ற நேரமே கிடையாது. 1:59-க்குப் பிறகு 3:00. நவம்பரில் 1:30 இரண்டு முறை வரும். லண்டனில் இரண்டுமே 1 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் நடக்கும். இல்லாத நேரத்தில் விழும் தொடர் நிகழ்வை என்ன செய்வது என்பதில் கேலெண்டர் தரநிலையையே இரண்டு விதமாகப் படிக்க இடமிருக்கிறது. அதனால் சில மென்பொருள் அதை 3:30-க்குத் தள்ளும், சில விட்டுவிடும்.

மென்பொருளைத் திருத்தப் பார்க்காதீர்கள். அந்த நிகழ்வை அதிகாலை 1–3 மணிக்கு வெளியே வையுங்கள். இரவு நேரப் பிரதியெடுப்பு போன்ற தானியங்கி வேலைகளுக்கும் இதேதான், அல்லது அவற்றை யூடிசி நேரத்தில் ஓடவிடுங்கள்.

## அறிகுறி: ஒரு நாட்டில் உள்ளவர்களுக்கு மட்டும் திடீரென்று தவறு

அந்த நாட்டு அரசு விதியை மாற்றியிருக்கலாம். துருக்கி 2016-இல் ஆண்டு முழுவதும் கோடை நேரத்திலேயே நின்றுவிட்டது. பிரேசில் 2019-இல் கோடை நேரத்தைக் கைவிட்டது. மெக்சிகோவின் பெரும்பகுதி 2022-இல் கைவிட்டது, எகிப்து 2023-இல் மறுபடி கொண்டுவந்தது. அதே 2023 மார்ச்சில் லெபனானில் மாற்றத்தைத் தள்ளிவைப்பதாகக் கடைசி நாட்களில் அறிவித்து, சில நாளில் திரும்பப் பெற்றார்கள். அந்த நாட்களில் ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது.

இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் ஐயானா (IANA) அமைப்பு வெளியிடும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் இந்த மாற்றங்கள் பதிவாகி, இயங்குதளங்கள் வழியே உங்கள் கருவிக்கு வரும். அறிவிப்புக்கும் மாற்றத்துக்கும் இடையில் நாட்கள் குறைவு என்றால் அப்டேட் பிந்திவிடும். அதுவரை அந்த நாட்டு மீட்டிங் அழைப்பில் இரு ஊர் நேரத்தையும் எழுத்தில் குறிப்பிடுங்கள். தற்காலிகமாகப் பக்கத்து நாட்டு மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கச் சிலர் சொல்வார்கள். அப்டேட் வந்த பிறகு அதை மறுபடி மாற்ற மறந்துவிடுவார்கள் என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

## எப்போது ஐடி குழுவை அழைப்பது

ஒரே அலுவலகத்தில் பல பேருக்கு ஒரே நாளில் ஒரே அளவு தவறினால் உங்கள் கருவியைத் தோண்டாதீர்கள். சர்வரின் விதிப்பட்டியல் பழையதாக இருக்கும். சர்வரில் இயங்குதளம், ஜாவா, தரவுத்தளம் ஒவ்வொன்றும் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கலாம். ஒன்றை மட்டும் புதுப்பித்தால் போதாது.

மீட்டிங் அறை முன்பதிவும் கேலெண்டரும் வேறு வேறு நேரம் காட்டினாலும், நூற்றுக்கணக்கான தொடர்கள் ஒரேயடியாக நகர்ந்தாலும் அழையுங்கள். நூறு தொடரை ஒருவர் கையால் திருத்தத் தொடங்கி, பாதியில் சர்வரும் சரியானால், திருத்தியவை எல்லாம் எதிர்ப்பக்கம் தவறும். நோயாளி சந்திப்பு, நீதிமன்றத் தேதி, பணியாளர் ஷிப்ட் போன்றவற்றில் சந்தேகம் வந்தால் முதலில் சம்பந்தப்பட்டவருக்கு போன் செய்து நேரத்தை உறுதிசெய்யுங்கள், பிறகு கோளாறைத் தேடுங்கள்.

அழைக்கும்போது இவை கையில் இருக்கட்டும்: தவறிய ஒரு மீட்டிங்கின் பெயரும் தேதியும், வர வேண்டிய நேரமும் வந்த நேரமும் ஊர்ப்பெயரோடு, அதை அமைத்தவர் யார், எந்தக் கருவியில் தவறு எதில் சரி, மாற்றத்துக்கு முந்தைய வாரத்திலும் பிந்தைய வாரத்திலும் எடுத்த ஸ்கிரீன்ஷாட் ஒவ்வொன்று. இரண்டு வாரப் படமும் சேர்ந்து இருந்தால்தான் எது நகர்ந்தது என்று அவர்களால் பார்க்க முடியும்.